தொட்டில் கட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டியவை: நாயும் பூனையும் உள்ள வீட்டுக்குக் குழந்தை வந்த அனுபவம்

நம்மிடையே தலைப்பிரசவம் பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டில்தான் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ புறப்படும் பெண், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு இந்த வழக்கத்தால் ஒரு சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. நாள்தோறும் சோறு வைத்து, நடைக்கு அழைத்துச் சென்றவள் திடீரென்று காணாமல் போய், பல மாதங்கள் கழித்துக் கையில் ஒரு புதிய உயிருடன் வந்து நிற்பதை அந்தப் பிராணி எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது சிக்கல். இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் வீட்டைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றி, பிராணிகளையும் அந்த மாற்றத்துக்குப் பழக்கிவிட அவகாசம் கிடைக்கிறது என்பது வசதி. நாமக்கல்லில் உள்ள எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாயையும் மீனு என்ற பூனையையும் வைத்துக்கொண்டு அந்த அவகாசத்தை நாங்கள் பயன்படுத்திய விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி கருவுற்ற செய்தி தெரிந்தவுடன் உறவினர்களிடமிருந்து வந்த முதல் அறிவுரை, பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பதுதான். பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது என்று ஒருவர் சொன்னார். பூனையின் முடிக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் பூனையின் மலத்தின் வழியாகப் பரவக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிய கவலை உண்மையானது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு முதன்முறையாக அந்தத் தொற்று ஏற்பட்டால் கருவையும் அது பாதிக்கலாம். எலியைத் தின்றோ, பச்சை இறைச்சியைத் தின்றோ தொற்றைப் பெறும் பூனை, பெரும்பாலும் முதல் தடவை மட்டும், அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே, ஒட்டுண்ணியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுகிறது. அந்த முட்டைகள் வெளியே வந்த உடனே தொற்றுவதில்லை. அதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் வரை ஆகின்றன. ஆகவே மணல் தட்டை நாள் தவறாமல் சுத்தம் செய்தாலே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மீனுவுக்கு வேகவைத்த மீனும் கடையில் வாங்கிய தீவனமும் மட்டுமே கொடுத்தோம். என் மனைவி தோட்ட மண்ணில் கை வைப்பதை நிறுத்தினாள். கீரையையும் காய்களையும் நன்றாகக் கழுவினாள். இறைச்சியை முழுமையாக வெந்த பிறகே உண்டாள். இந்த ஒட்டுண்ணி பூனையிடமிருந்து வருவதைப் போலவே அரைவேக்காட்டு இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்களிலிருந்தும் வரும் என்பதால், பூனையை விரட்டிவிட்டு மற்றவற்றைக் கவனிக்காமல் இருப்பதில் பயனில்லை. மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், தேவையான இரத்தப் பரிசோதனையை அவரே எழுதிக் கொடுப்பார்.

பிராணிகளின் உடல்நலம் தொடர்பானவற்றையும் அந்த மாதங்களிலேயே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் கைக்குழந்தை வந்த பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் இருக்காது. வெறிநோய்த் தடுப்பூசி, நாய்க்கு எலிக்காய்ச்சலையும் உள்ளடக்கிய கூட்டுத் தடுப்பூசி, பூனைக்குரிய தடுப்பூசி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து ஆகியவற்றின் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவைத்தோம். உண்ணி மருந்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நாய்களுக்கென விற்கப்படும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது; அது பூனைக்கு நஞ்சு. நாயும் பூனையும் ஒரே வீட்டில் உறங்குமானால் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் தடவ வேண்டும். தடவிய மருந்து காயும் வரை நாயைக் குழந்தை தொடக்கூடாது என்பதும் அதனுடன் சேர்ந்த விதி.

இவையெல்லாம் மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் முடிந்துவிடும் வேலைகள். வீட்டுக்குள் செய்ய வேண்டியவைதான் நீண்ட காலம் எடுத்தன. குழந்தை வந்த பிறகு வீட்டில் என்னென்ன மாறப்போகின்றனவோ அவற்றையெல்லாம் குழந்தை வருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் பிடித்துக்கொண்ட ஒரே கொள்கை. குழந்தை வந்த அன்று இரவே படுக்கையறையை விட்டு வெளியேற்றப்படும் நாய், தன் இழப்பையும் குழந்தையின் வருகையையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ளும். அதே மாற்றம் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே நடந்திருந்தால், குழந்தை வருவதற்குள் நாய் அதை மறந்தே போயிருக்கும்.

மணி எங்கள் கட்டிலுக்கு அருகில் படுத்துப் பழகியவன். வளைகாப்புக்கு முன்பே அவனுடைய படுக்கையை முதலில் அறை வாசலுக்கும், பிறகு கூடத்துக்கும், கடைசியில் மாடிப்படிக்கு அடியில் உள்ள ஒதுக்கிடத்துக்கும் சிறிது சிறிதாக நகர்த்தினோம். காலை நடைக்கு அவனை அழைத்துச் செல்வது என் மனைவியின் வழக்கமாக இருந்தது. அதை நான் ஏற்றுக்கொண்டேன். சோறு வைக்கும் நேரத்தையும் வேண்டுமென்றே அரைமணி முன்பின்னாக மாற்றிக்கொண்டே இருந்தோம். கடிகாரத்தைப் போல் ஏழரை மணிக்குத் தட்டு வந்துவிடும் என்று எதிர்பார்க்கும் நாய், குழந்தை அழுதுகொண்டிருக்கும் ஒரு மாலையில் குரைத்துத் தீர்த்துவிடும் அல்லவா? வாசலில் வருபவர்கள்மேல் இரண்டு கால்களைத் தூக்கிப் பாயும் பழக்கத்தையும், நான்கு கால்களும் தரையில் இருந்தால் மட்டுமே தடவிக்கொடுப்பது என்ற முறையில் நிறுத்தினோம். குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்மேல் நாய் அன்பினால் பாய்ந்தாலும் விழுவது குழந்தைதான்.

பயிற்சிகளில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது கோணிச் சாக்குப் பயிற்சி. பழைய சாக்கு ஒன்றை மடித்துத் தைத்து, ‘இடத்துக்குப் போ’ என்று சொன்னால் மணி அதன்மேல் போய்ப் படுக்க வேண்டும் என்று பழக்கினோம். வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டு, அவன் சாக்கில் கால் வைத்தவுடன் ஒன்று, படுத்தவுடன் ஒன்று, எழாமல் இருந்தால் இடைவெளி விட்டு மேலும் சில என்று கொடுத்தேன். சில வாரங்களில் சாக்கை எங்கே விரித்தாலும் அதுவே அவனுடைய இடம் என்று ஆகிவிட்டது. ‘போகாதே, தொடாதே, மோக்காதே’ என்று குழந்தை இருக்கும்போதெல்லாம் நாயை அதட்டிக்கொண்டே இருப்பதைவிட, அது என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்ல முடிவது வீட்டில் உள்ள அனைவருக்கும் நிம்மதி தருகிறது. அம்மாவும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஒருவர் ‘போடா அந்தப் பக்கம்’ என்றும் மற்றவர் ‘இடத்துக்குப் போ’ என்றும் சொன்னால் நாய்க்கு இரண்டும் வெறும் ஓசைதான்.

பொம்மையைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கி வைத்துக்கொண்டு பழக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் வாசனை வீசும் பொம்மையைக் குழந்தை என்று நம்பும் நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கையில் மூட்டையைத் தாங்கியபடி மற்றொரு கையால் கதவைத் திறக்கவும், நாயின் கயிற்றைப் பிடிக்கவும், குனியாமலே அதை அமரச் சொல்லவும் நமக்குப் பழக்கம் வேண்டும். அந்த ஒத்திகைக்குத் துணி சுற்றிய தலையணையே போதும். தலையணையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கூடத்தில் உலாவியதைப் பார்த்த எதிர்வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியாது.

குழந்தை பிறந்த பிறகு, தாராபுரத்தில் உள்ள மாமனார் வீட்டுக்கு வார விடுமுறைகளில் போய்வரும்போது இரண்டு பொருட்களைக் கொண்டுவந்தேன். ஒன்று, குழந்தை கிடந்த, துவைக்காத பருத்தித் துணி. அத்தையே அதை ஒரு மஞ்சள் பையில் மடித்துக் கொடுத்துவிடுவார். மற்றொன்று, கைபேசியில் பதிவுசெய்த அழுகை. துணியை நாயிடம் எறிந்துவிடாமல் என் கையிலேயே வைத்துக்கொண்டு, மணி அமைதியாக இருக்கும்போது சற்றுத் தொலைவிலிருந்து மோக்கவிட்டு, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டவுடன் ஈரல் துண்டைக் கொடுத்தேன். கவ்வி இழுத்து விளையாடுவதற்கான பொருளன்று அது என்பது அவனுக்கு முதலிலேயே விளங்க வேண்டும். அழுகை ஒலியை அவன் உண்ணும் நேரத்தில், காதில் விழுந்தும் விழாததுமான அளவில் வைத்து, நாளடைவில் கூட்டினேன். முதலில் தலையைச் சாய்த்து, தட்டை விட்டு விலகி, கைபேசி இருந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்போதெல்லாம் ஒலியைக் குறைத்துவிடுவேன். அழுகை முழு அளவில் ஒலிக்கும்போதும் அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காத நிலை வந்த பிறகுதான் அந்தப் பயிற்சியை நிறுத்தினேன். இணையத்தில் ஏதோ ஒரு குழந்தையின் அழுகையைத் தேடி எடுக்க வேண்டிய தேவை நம் வழக்கத்தில் இல்லை; வரப்போகும் குழந்தையின் குரலே கைக்குக் கிடைக்கிறது.

பூனையின் பாடு வேறு. மீனுவை எதற்கும் ‘பழக்க’ முடியாது. இடத்தைத்தான் அவளுக்கு ஏற்றவாறு மாற்ற வேண்டும். கூடத்து விட்டத்தில் கொக்கி மாட்டி, என் மனைவியின் பழைய நூல் சேலையில் தூளி கட்டியவுடன் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேனோ அதுவே அன்று மாலை நடந்தது. மீனு தையல் இயந்திரத்தின்மேல் ஏறி, அங்கிருந்து தூளிக்குள் குதித்து, சேலை தன் எடையால் மெல்ல ஆடுவதை ரசித்தபடி சுருண்டு படுத்துவிட்டாள். மென்மையும் கதகதப்பும் மறைவும் சேர்ந்த ஓர் இடத்தைப் பூனை விட்டுவைக்காது. அதனால் தூளியைக் குழந்தை வருவதற்கு வெகுநாள் முன்பே கட்டி, ஆள் இல்லாத நேரமெல்லாம் அதை மேலே சுருட்டி முடிந்துவைப்பதைப் பழக்கமாக்கினோம். தையல் இயந்திரத்தை வேறு அறைக்கு மாற்றினோம். அவளுக்கென்று பீரோவின் மேல் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை விரித்துவைத்தோம். உயரத்திலிருந்து அனைவரையும் பார்க்க முடிகிற இடம் கிடைத்தால் பூனைக்குக் கீழே நடப்பவற்றில் அக்கறை குறைந்துவிடுகிறது. பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சும் என்பது கட்டுக்கதை. ஆனால் கதகதப்பைத் தேடிக் குழந்தையின் முகத்தருகே படுத்துவிட்டால் விலகிக்கொள்ள முடியாத பச்சிளங்குழந்தைக்கு மூச்சுத் திணறலாம் என்பது உண்மை. எனவே குழந்தை உறங்கும் அறைக்குக் கொசுவலை அடித்த தனிக் கதவு ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்தோம். குடை போல் விரியும் குழந்தைக் கொசுவலையைப் பூனைக்கு எதிரான காப்பாகக் கருத வேண்டாம். மீனு அதன் உச்சியில் ஏறியமர்ந்து அதை நசுக்கிக் காட்டினாள். அப்போது உள்ளே தலையணைதான் இருந்தது.

பரணில் கிடந்த நடைவண்டியையும் அந்த நாட்களிலேயே இறக்கி, கூடத்தில் அவ்வப்போது உருட்டிவைத்தேன். குழந்தை நடக்க இன்னும் ஓராண்டு இருக்க, இப்போது எதற்கு என்று அம்மா கேட்டார்கள். மரச் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் எழுப்பும் கடகடவென்ற ஓசை பல நாய்களை மிரளவைக்கும். அதைத் தள்ளிக்கொண்டு தள்ளாடி வரும் குழந்தையுடன் சேர்த்து அந்த ஓசையை முதன்முறையாகக் கேட்பதைவிட, என் கையால் உருளும்போது கேட்டுச் சலித்துப்போவது மேல்.

தாயும் குழந்தையும் வந்திறங்கும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு சிறு முரண்பாடு எழுந்தது. பல மாதங்கள் பிரிந்திருந்தவளைப் பார்த்தவுடன் மணி துள்ளுவான், ஆகவே அவள் முதலில் கையில் குழந்தையின்றி அவனைப் பார்த்துத் தழுவிக்கொள்ள வேண்டும் என்பது என் திட்டம். ஆரத்தி எடுக்காமல் அவள் நிலைவாசலைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் கட்டாயம். என் மனைவியே இதற்கு வழி கண்டாள். குழந்தையை வண்டியிலேயே அத்தையின் மடியில் விட்டுவிட்டு, அவள் மட்டும் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் புழக்கடைக்குப் போனாள். அதிகாலையிலேயே நீண்ட நடைக்கு அழைத்துச் சென்று களைப்பாக்கி, மணியை அங்கே கட்டிவைத்திருந்தேன். அவன் ஊளையிட்டு, தரையில் புரண்டு, அவள் கையை நக்கித் தீர்த்து, மூச்சு வாங்கி அடங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, ஆரத்தி எடுத்து உள்ளே வந்தாள். வாசலில் கூடியிருந்த உறவினர்கள் கலைந்து சென்ற பிறகே மணியைக் கயிற்றுடன் கூடத்துக்கு அழைத்துவந்தேன். கயிறு தளர்வாகவே இருந்தது. இறுக்கிப் பிடித்தால் நம்முடைய பதற்றம் கயிற்றின் வழியே நாய்க்குப் போய்ச்சேரும். என் மனைவி சுவரோரமாக நாற்காலியில் குழந்தையுடன் அமர்ந்திருக்க, சில அடி தொலைவில் சாக்கை விரித்தோம். அவன் மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தான், துணியில் முகர்ந்த அதே வாசனை என்பது தெரிந்திருக்க வேண்டும், சாக்கில் படுத்துவிட்டான். அன்றைக்கு அவ்வளவே போதும் என்று வெளியே அழைத்துச் சென்றுவிட்டேன். முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுக்க உறவுப் பையன் ஒருவன் ஆசைப்பட்டான், மறுத்துவிட்டோம்.

அதன் பிறகான வாரங்களில் நாங்கள் கடைப்பிடித்த ஒரு வழக்கத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். குழந்தை விழித்திருக்கும்போது நாயைத் துரத்துவதும், குழந்தை உறங்கிய பிறகு பாவம் என்று அதைக் கொஞ்சுவதும் எல்லா வீடுகளிலும் இயல்பாக நிகழ்ந்துவிடுகின்றன. அதனால் குழந்தை கண்ணில் பட்டால் தனக்கு நல்லது எதுவும் கிடைக்காது என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நாங்கள் இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டோம். குழந்தை கூடத்துக்கு வந்தால் மணிக்குத் தின்பண்டமும் பேச்சும் உண்டு. குழந்தை அறைக்குள் போய்விட்டால் அவனும் சும்மா கிடக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் நேரத்தில் மட்டும் அவனே புகையைத் தாங்காமல் புழக்கடைக்குப் போய்விடுவான். அந்த வேளையில் நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அழுக்கான குழந்தைத் துணிகளை மூடி போட்ட வாளியில்தான் போட வேண்டும். காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. நாய் வளர்ப்பவர்களுக்கு அது தெரியும்.

குழந்தையைப் பார்க்க வரும் பெரியவர்கள், ‘நாயைச் சங்கிலியில் போட்டு வைக்கக்கூடாதா?’ என்று தவறாமல் கேட்பார்கள். விருந்தினர் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு அது சரி. ஆனால் அதுவரை அவிழ்ந்து திரிந்த நாயைக் குழந்தை வந்ததிலிருந்து பகலெல்லாம் கட்டிப்போடுவது அதன் சுபாவத்தையே கெடுத்துவிடும்; ஓடி விலக வழியில்லாத நாய்க்குத் தற்காத்துக்கொள்ளப் பல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? சங்கிலிக்கு மாறாக, கூடத்துக்கும் மாடிப்படி ஒதுக்கிடத்துக்கும் நடுவே இடுப்பளவு கம்பிக் கதவு ஒன்றை வைத்தோம். இருபுறமும் பார்க்க முடியும், ஆனால் நெருங்க முடியாது.

பலரும் முதல் நாளைப் பற்றியே அஞ்சுகிறார்கள். என் பார்வையில் உண்மையான எச்சரிக்கை தேவைப்பட்டது குழந்தை தவழத் தொடங்கியபோதுதான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையால் நாயை நெருங்க முடியாது. ஏழெட்டு மாதத்துக் குழந்தையோ நாயின் வாலையும் காதையும் தேடித் தவழ்ந்து போகிறது, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் பார்க்கிறது. எங்கள் மகளின் கால்களில் கொலுசு இருந்தது ஒரு நன்மையாக முடிந்தது. அவள் எந்தப் பக்கமிருந்து வருகிறாள் என்பது உறங்கும் நாய்க்கும் அடுக்களையில் இருக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒரு பிற்பகலில் அவள் கொலுசொலியுடன் தவழ்ந்து நெருங்க, மணி படுத்தபடியே முகத்தை மறுபக்கம் திருப்பினான். மூக்கை ஒருமுறை நக்கினான். வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. தூக்கக் கலக்கம் என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அவை நான்குமே ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று நாய் சொல்லும் முறைகள். என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டாள்; நான் ‘இடத்துக்குப் போ’ என்றேன்; அவன் எழுந்து கம்பிக் கதவுக்கு அப்பால் போய்ப் படுத்தான்.

இந்த அறிகுறிகளைக் கண்டும் விலக்காமல் விட்டால் அடுத்து உடல் விறைக்கும், உறுமல் வரும். உறுமியதற்காக நாயை அடிப்பது ஆபத்தானது; அடிக்குப் பயந்து உறுமலை விட்டுவிடும் நாய், அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடித்துவிடலாம். எலும்பும் சோற்றுத் தட்டும் புழக்கடையோடு நின்றுவிட்டன. வீட்டுக்குள் நாய் காத்துக்கொள்ள வேண்டிய பொருள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், எத்தனை ஆண்டுகள் வளர்த்ததாக இருந்தாலும், பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்காமல் குழந்தையுடன் தனியே விடுவதில்லை என்பதில் எங்கள் வீட்டில் விதிவிலக்கே கிடையாது. வீட்டு நாயை நம்பாமல் எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: குழந்தைகளைக் கடிக்கும் நாய்களில் கணிசமானவை அக்குழந்தைகளுக்கு நன்கு பழகிய நாய்களே.

கடியோ கீறலோ நேர்ந்துவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாய்தானே என்று விட்டுவிடக்கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய்க்கான ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை ஊசி, இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரத மருந்தும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். புண்ணான தோலிலோ வாயிலோ கண்ணிலோ வெறிநோய்ச் சந்தேகமுள்ள பிராணியின் எச்சில் படுவதும் கடிக்குச் சமமாகவே கருதப்படுகிறது. நாய் குழந்தையின் முகத்தை நக்குவதை வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லா நாய்களுக்கும் இந்தப் பயிற்சிகள் போதும் என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே யாரையேனும் கடித்த நாய், அழுகையைக் கேட்டவுடன் உடல் விறைத்து இமைக்காமல் தொட்டிலையே வெறிக்கும் நாய், அணிலையும் கோழிக்குஞ்சையும் விடாமல் துரத்திக் கொல்லும் நாய் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் பேறுகாலத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். ‘மாமா தோட்டத்துல கொண்டுபோய் விட்ரலாம் கண்ணு, அங்க காவலுக்கும் ஆச்சு’ என்று அம்மா சொன்னது எங்கள் மணிக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாய்க்கு, நன்கு பார்த்துக்கொள்ளும் உறவினர் தோட்டம் ஒன்று கிடைக்குமானால் அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. தெருவில் இறக்கிவிட்டு வருவதுதான் கொடுமை.

மகள் இப்போது நடக்கிறாள். நாயைத் தேடிப் போய்த் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவன் வந்தால் மட்டும் முதுகில் விரித்த கையால் தடவலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவருகிறோம். கூப்பிடுவதை நன்றாகக் கற்றுக்கொண்டாள். அவன் வராவிட்டால் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து எறிந்து வரவழைப்பதையும் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அதனால் அவள் சாப்பிட உட்காரும்போது மட்டும் கம்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறோம்.